வாளி முனியாண்டி கோலில் நின்ற காலை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முனியாண்டி ஐயா உட்கார்ந்திருந்தார். இரண்டு காதுகளிலும் ஹெட்போன். வலது கையில் ஒரு சிறிய பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இதை அவரிடம் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் காட்டியிருந்தேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. நான் ஒலி அனுப்பாத நேரத்திலும் அழுத்திக்கொண்டே இருந்தார். பரீட்சையில் தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதிவைக்கிற பிள்ளைகள் உண்டு அல்லவா, அந்த வகை.

வேலையில் நான் பதறுவதில்லை. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்குப் படிப்படியாக ஏறினேன். வயதானவர்களுக்கு முதலில் கைவிட்டுப் போவது உயர்ந்த ஒலிகள்தான். கொலுசுச் சத்தம், குருவிச் சத்தம், பேரப்பிள்ளைகளின் குரல். அந்தப் பகுதிக்கு வந்ததும் அவர் அழுத்துவது நின்றது. ஒலியைக் கூட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினேன். நீளமான, கூர்மையான ஒரு சத்தம்.

முனியாண்டி ஐயா எழுந்து நின்றார்.

தொண்ணூற்றொரு வயது. உள்ளே வரும்போது ஒரு பக்கம் மகள், மறுபக்கம் கைத்தடி. இப்போது இரண்டும் இல்லாமல் விறைப்பாக எழுந்து, ஹெட்போன் வயர் இழுபடுவதைக்கூடக் கவனிக்காமல், கதவை நோக்கிப் போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஐயா, எங்க போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல. காலு மரத்துப் போச்சி."

வெளியே நாற்காலியில் இருந்த அவர் மகள் பரமேஸ்வரி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபதைத் தாண்டியவர். ஆண்ட்டி என்று கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார்.

"காலு மரத்துப் போவலம்மா. எங்கப்பா பால் எடுக்கக் கெளம்பிட்டாரு."

தொண்ணூற்றொன்றரை

இந்தத் தொடரில் இதுவரை என் வீட்டையும் நான் படித்த காலத்தையும் பற்றித்தான் எழுதிவந்தேன். வேலையைப் பற்றி எழுதவில்லை. ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் காதுக்கருவி பொருத்துகிறேன். சோதிப்பது, அளவெடுப்பது, பொருத்துவது, துடைத்துக் கொடுப்பது, பேட்டரியைத் திருப்பிப் போட்டதால்தான் வேலை செய்யவில்லை என்று பக்குவமாகச் சொல்வது. இவையே என் தொழில்.

இதனால் என் வயதுக்காரிகள் யாருக்கும் வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்தது. தொண்ணூற்றைத் தாண்டியவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி மனதில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன்.

அவர்கள் ஒருபோதும் தாமதமாக வருவதில்லை. பத்து மணிக்கு வரச் சொன்னால் கடை திறக்கும் முன்பே படிக்கட்டில் நிற்பார்கள். தங்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்பதில் எல்லாரும் ஒரே கட்சி, இப்போதெல்லாம் ஆட்கள்தான் மெல்லப் பேசுகிறார்களாம். சட்டைப் பையில் கட்டாயம் ஒரு மிட்டாய் இருக்கும், அது எனக்குத்தான். பிறகு, இது முக்கியம், அவர்கள் வயதைக் கூட்டிச் சொல்வார்கள். எழுபது வயதுக்காரர் அறுபத்தெட்டு என்பார். எண்பது வயதுக்காரர் பேச்சை மாற்றுவார். தொண்ணூறு வந்துவிட்டால் மறுபடியும் பாலர் பள்ளிப் பிள்ளையின் கணக்கு.

"தொண்ணூத்தொண்ணு இல்லம்மா. தொண்ணூத்தொண்ணரை."

முனியாண்டி ஐயா அரையை அழுத்திச் சொன்னார். நான் அட்டையில் அந்த அரையையும் சேர்த்து எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

யார் பிரபலம்?

அவர் காதுக்கருவி வாங்க வந்த காரணம் ஒரு விழா.

பீடோர்ப் பக்கம் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், தொண்ணூறு கடந்த நம் வட்டாரப் பிரபலங்களுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் சரவணன் அண்ணே. காப்புறுதி விற்பவர், கைப்பேசியைக் கையிலிருந்து இறக்காதவர். பெரியவர்களுக்கு இலவசமாகக் காது சோதித்துக் கொடுக்கச் சொல்லி என்னையும் குழுவில் இழுத்துப் போட்டிருந்தார்.

முதல் கூட்டம் முழுவதும் பிரபலம் என்றால் யார் என்பதிலேயே போனது. நாடக மேடைகளில் பெண் வேடம் கட்டிக் கலக்கியவர், சரி. பிரசவம் பார்த்தே மூன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர், சரி. பிறகு ஒருவர் தன் தகப்பனார் பெயரைக் கொடுத்தார்.

"அவரு என்ன செஞ்சாரு?" என்றார் சரவணன் அண்ணே.

"ஒண்ணும் செய்யல. ஆனா எல்லாருக்கும் தெரியும்லா."

அதுதானே பிரபலம் என்று யாரோ சொன்னார்கள். பெயர் சேர்க்கப்பட்டது.

முனியாண்டி ஐயாவின் பெயரில் விவாதமே இல்லை. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் மைக் இல்லாமல் பேசியவர். அவர் இந்தத் திடலில் பேசினால் அந்த லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பார்களாம். ஆனால் சரவணன் அண்ணே அறிமுக உரையில் எழுதி வைத்திருந்தது இப்படி: 'நம் அனைவருக்கும் தெரிந்த வாளி முனியாண்டி.'

"அந்த வாளிய எடுத்துருங்கண்ணே. பாவம்" என்றேன்.

"எடுத்துட்டா யாருக்குத் தெரியும் தங்கச்சி? இந்தப் பக்கம் எத்தன முனியாண்டி இருக்கான் தெரியுமா? வாளின்னாதான் கை தட்டுவான்."

அந்த வாளிதான் ஐயாவின் பிரச்சினை. என் அறையில் சோதனை முடிந்து, மாதிரிக்கு ஒரு கருவியைக் காதில் மாட்டிவிட்டதும் அவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"மேடையில என்னைய என்னன்னு கூப்புடப் போறானுங்க? அது எனக்குத் தெளிவாக் கேக்கணும். வாளின்னு சொன்னான்னா நா எறங்கி வந்துருவேன்."

"எதுக்குங்கய்யா அந்தப் பேரு?"

பரமேஸ்வரி அக்காதான் சொன்னார். அப்பா எதிரிலேயே, சந்தோஷமாக.

மழை பெய்த ஞாயிறு

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுவது அதிகாலை வேலை. மரத்தைச் சீவிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் இறங்கும். இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். நேரமானதும் மண்டோர், அதாவது வேலையை மேய்ப்பவர், நீளமாக ஒரு விசில் ஊதுவார். எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்க ஓடுவார்கள். சுணங்கினால் பால் கட்டியாகிவிடும், மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே விசில் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார்கள்.

சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீடோருக்குப் பக்கத்தில் முனியாண்டி ஐயாவின் தோட்டத்துக்கும் லகாட் அணிக்கும் பந்தாட்டம். லகாட்காரர்கள் ஈயலம்பத்தில் வேலை செய்தவர்கள். ஈயச் சுரங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. விடியற்காலையில் மழை. மரமெல்லாம் ஈரம். அதனால் சீவுவது தாமதமாகி, சீவி முடித்தபோது லகாட் அணி லோரியில் வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்ப முடியாது. பால் இறங்கி முடிவதற்குள் ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று தோட்டத்தார் முடிவு செய்தார்கள். நடுவர் தங்கராசு மண்டோர். அவரிடம்தான் விசில் இருந்தது.

ஆட்டம் சமநிலை. முடியப் போகும் நேரத்தில் லகாட்டுக்கு ஒரு பெனால்ட்டி. அடிக்க வந்தவர் சவரிமுத்து, பேராக் முழுக்கப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டக்காரர். கோலில் நின்றவர் முனியாண்டி. மண்டோர் விசிலை வாயில் வைத்தார். அடிக்கலாம் என்று காட்ட ஓர் ஊதல் ஊத வேண்டும்.

பழக்க தோஷம். நீளமாக ஊதிவிட்டார்.

தோட்டத்து அணி மொத்தமும் திடலை விட்டு ஓடியது. வேடிக்கை பார்த்தவர்களும் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் கோல்கீப்பர். லகாட்காரர்களுக்கு அந்த விசிலின் பொருள் தெரியாது. அவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். சவரிமுத்து எதிரில் கோல் காலியாக இருந்தது. சுற்றிப் பார்த்தார். பந்தை அடித்தார். உள்ளே போனது.

அது கோலா, இல்லையா? நடுவரைக் கேட்கலாம் என்றால் நடுவரும் பால் எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

"அன்னிலேர்ந்து எங்கப்பா வாளி" என்றார் பரமேஸ்வரி அக்கா. "கல்யாணப் பத்திரிகையில மட்டும்தான் முனியாண்டி. ஸ்கூல்ல எனக்கு வாளி மவ. எந்தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல, வாளி வீடான்னு கேட்டுட்டுத்தான் காப்பி கொடுத்தாங்க."

முனியாண்டி ஐயா காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். இனி கேட்க வேண்டியது எதுவும் இல்லை என்பதுபோல். பிறகு என்னிடம், தனக்கே கேட்காத உரத்த குரலில் சொன்னார்.

"எத்தனையோ மேடையில நின்னேன். ஒருத்தனும் அதச் சொல்லல. கோல்ல நிக்கலன்னுதான் சொல்றானுங்க. சவரிய வந்து அந்தப் பந்த அடிக்கச் சொல்லு. நா நிக்கிறேன். ஒருக்கா நின்னுட்டுத்தான் அந்தப் பொன்னாடையப் போத்துக்குவேன். இல்லாட்டி வரல."

மேசையிலிருந்த கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அணைக்காமல் வைத்தால் அப்படித்தான் போடும். அவருக்கு அது கேட்கவில்லை. பரமேஸ்வரி அக்கா மட்டும் அப்பாவின் கால்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.

தூது

சவரிமுத்து ஐயாவும் எங்கள் பட்டியலில் இருந்தவர்தான். தொண்ணூற்றுமூன்று. பந்தாட்டத்தை விட்ட பிறகு அம்புலன்ஸ் ஓட்டியவர். லகாட்டில் மருமகளோடு இருந்தார். இருவரும் அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. ஒரே கல்யாணத்துக்குப் போனாலும் ஒருவர் முதல் பந்தியிலும் மற்றவர் கடைசிப் பந்தியிலும் சாப்பிடுவார்களாம்.

நான் போனபோது வாசலில் ரேடியோவை மெல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பிழைப்புக் கொடுக்காத காது.

"நா அடிச்சது கோலு. போய்ச் சொல்லு" என்றார், நான் உட்காருவதற்கு முன்பே.

"கோல் இல்லன்னு அவரு சொல்லலங்கய்யா. மறுபடி அடிங்க, நா நிக்கிறேங்கிறாரு."

"அவன வாளின்னாங்க. சரி. என்னைய என்ன சொன்னாங்க தெரியுமா? ஆளில்லாத வூட்ல பூந்தவன்னு. சர்ச்சுல கூட சொன்னானுங்கம்மா. பூச முடிஞ்சி வெளிய வந்தா, என்னா சவரி, இன்னிக்கு எந்த வூடுன்னு கேப்பானுங்க."

ரேடியோவை அணைத்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"நெசமாவே நிப்பானா?"

"நிப்பாரு."

"மேரி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "என் சப்பாத்து எங்க இருக்குன்னு பாரு."

மருமகள் வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பெலும்பு மாற்றியவரிடம் வந்து என்ன பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அதற்குப் பொருள்.

அடுத்த இரண்டு வாரங்கள் எனக்குத் திருவிழா. கைப்பேசியில் இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டேன். ஒன்று பீடோர், மற்றது லகாட். பீடோர் தொங்கட், அதாவது கைத்தடி, வேண்டும் என்றது. கைத்தடி வைத்துக்கொண்டு கோலில் நிற்பது எந்த நாட்டுச் சட்டம் என்று லகாட் கேட்டது. கைத்தடி நிற்பதற்கு மட்டும், அதால் பந்தைத் தட்டக் கூடாது என்று முடித்தேன். லகாட் முழுத் தூரத்திலிருந்து அடிப்பேன் என்றது. லகாட்டின் மருத்துவர் ஓடி வந்து அடிக்கக் கூடாது, நின்ற இடத்திலிருந்து மெல்லத் தட்டலாம் என்றார். தூரம் கால்வாசியானது. பந்து பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பந்தாக இருக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. நடுவர் யார் என்பதிலும் அப்படித்தான்.

"ஊதுனது தங்கராசுதானே. அவரே ஊதட்டும்." இரண்டு பக்கமும் சொல்லுக்குச் சொல் இதைத்தான் சொன்னார்கள்.

தங்கராசு மண்டோருக்குத் தொண்ணூற்றாறு. ஆயர் தாவாரில் பேத்தி வீட்டில் இருந்தார். பேத்தியின் கைப்பேசித் திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"வாரேன்மா. ஆனா முன்னாடியே சொல்லிட்டேன். எனக்கு ஊதத் தெரிஞ்சது ஒரே ஊதல்தான்."

"அன்னிக்கு ஊதுனது தப்புன்னு நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா."

நெற்றி சுருங்கியது. "மண்டோரு ஊதுனா அதாம்மா நேரம். ஊதிட்டு இல்லன்னு சொன்னா மறுநாளு எவன் மதிப்பான்?"

சரவணன் அண்ணேயிடம் விழா நிகழ்ச்சி நிரலைத் திருத்திக் கொடுத்தேன். இறைவாழ்த்து, வரவேற்புரை, பெனால்ட்டி, பொன்னாடை.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "தங்கச்சி, யாராச்சும் வுழுந்துட்டா?"

"வுழுந்தா என்ன செய்யணும்னு தனியா எழுதி வச்சிருக்கேண்ணே."

"ஆமா. நீ எழுதியிருப்பே."

விசில்

விழா நாளன்றும் விடியற்காலையில் மழை. நான் கவலைப்பட்டேன். பெரியவர்கள் மூவருக்கும் அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கும் இப்படித்தான் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள், மூன்று வெவ்வேறு மூலைகளில் உட்கார்ந்து.

பத்து மணிக்கு வெயில் வந்தது. மண்டபத்தை ஒட்டிய சிறு திடலில் பிள்ளைகளின் குட்டி கோல்கம்பம். சுண்ணாம்பால் புதுக் கோடு. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் நல்ல புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எழுபது எண்பது வயதுப் பெண்கள். பெரும்பாலும் அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்பாகி, இவர்கள் எங்கெங்கோ குடியேறி, இன்றைக்குப் பேரன்களின் காரில் வந்து இறங்கியிருந்தார்கள்.

"யே வாளி, இன்னிக்காவது நில்லுய்யா" என்று ஒரு குரல் வந்தது. நாற்காலிகள் குலுங்கின.

முனியாண்டி ஐயா வேட்டியை மடித்துக் கட்டினார். கைத்தடியோடு கோலுக்கு நடுவில் போய் நின்றார். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன், விழுந்தால் பிடிப்பதற்கு. பரமேஸ்வரி அக்கா மறு கம்பத்தில்.

சவரிமுத்து ஐயா கறுப்புச் சப்பாத்து பளபளக்க வந்தார். மருமகள் இடுப்பைப் பிடித்திருந்தார். பந்தை வைக்கச் சொல்லி, வைத்ததைத் தள்ளி வைக்கச் சொல்லி, மறுபடியும் முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்போது முனியாண்டி ஐயா என்னைக் கிட்டே கூப்பிட்டார். காதிலிருந்து கருவியைக் கழற்றினார். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இத நீ வச்சுக்க" என்றார். "இந்தத் தடவ எனக்குக் கேக்கக் கூடாது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்குவதற்காகக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். வாழ்நாளில் நான் விற்ற கருவிகளிலேயே கழற்றி வைத்ததற்காக நான் பெருமைப்பட்டது அது ஒன்றுதான்.

ஓரத்தில் நாற்காலியில் தங்கராசு மண்டோர். சரவணன் அண்ணே வாங்கி வந்த புது விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்று மட்டும் வந்தது. இன்னொரு முறை ஊதியதில் மேல்வரிசைப் பல்செட் கழன்று விசிலோடு வெளியே வந்தது. பேத்தி ஓடிவந்தாள். அவர் நிதானமாகப் பல்செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசிலை உதட்டில் இறுக்கி, கண்ணை மூடி ஊதினார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஊதல்தான். அது நீளமாக, கூர்மையாக, திடலைத் தாண்டி, பள்ளி வேலியைத் தாண்டிப் போனது.

முன்வரிசை முழுவதும் எழுந்துவிட்டது.

கைப்பைகள் மடியிலிருந்து விழுந்தன. முட்டி வலிக்காரர், கண் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவர், காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையாதவர், எல்லாரும். சரவணன் அண்ணேயின் அம்மா இரண்டு எட்டு நடந்தே விட்டார். பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பொன்னாடைத் தட்டைப் பிடித்திருந்தவர் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்து ஐயாவுக்குத் தோள் குலுங்கியது. பந்தைப் பார்க்கவே முடியவில்லை அவரால்.

ஒரே ஒருவர்தான் அசையவில்லை. முனியாண்டி ஐயாவுக்கு எதுவும் கேட்கவில்லை. முட்டியை லேசாக மடக்கி, இடது கையை விரித்து, கண்ணைப் பந்தின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னடா பாத்துக்கிட்டு இருக்க, சவரி? அடி."

மைக் இல்லாத அந்தக் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்ததில் நியாயம் இருக்கிறது.

சவரிமுத்து ஐயா முகத்தைத் துடைத்தார். மருமகளின் கையை எடுத்துவிட்டார். தட்டினார்.

கோடு

ஈரப் புல்லில் பந்து உருண்டது. அவ்வளவு மெல்ல உருண்ட பந்தை நான் பார்த்ததில்லை. நடுவில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முனியாண்டி ஐயாவுக்கு இடது பக்கமாக, கம்பத்தை நோக்கி வந்தது. அவர் ஓர் அடி வைத்தார். இன்னொன்று வைத்தார். பரமேஸ்வரி அக்கா கையை நீட்டியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அடியில் கைத்தடியின் ரப்பர் முனை புல்லில் ஊன்றியது. பந்து வந்து அதில் முட்டி நின்றது.

கோட்டின் மேல். அல்லது கோட்டுக்கு உள்ளே. அல்லது வெளியே.

திடலில் கத்தல் கிளம்பியது. எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் சட்டைப் பையில் பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நா பாக்கல" என்றார் தங்கராசு மண்டோர், பல் இல்லாத வாயால். அன்றைக்கும் அவர் பார்க்கவில்லை.

கைப்பேசிகளைக் கேட்டோம். திடல் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாப் படங்களிலும் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நிற்பதும் விழுந்து விழுந்து சிரிப்பதும் மிகத் தெளிவாக இருந்தன. பந்து ஒன்றில்கூட இல்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான். எனக்குத் தெரியும். கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது, எந்தப் பக்கம் இருந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். இத்தனை பட்டியல் போடுகிறவள் அதை மட்டும் எங்கும் குறித்து வைக்கவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை.

முனியாண்டி ஐயா என் கையைத் தட்டினார். கருவியைக் காதில் வைத்துவிட்டேன். பொருத்தும்போது அது வழக்கம்போல் கீச்சிட்டது. அவர் முகத்தைச் சுளித்தார். காலைத் தூக்கவில்லை.

அதற்குள் சவரிமுத்து ஐயா மருமகளை இழுத்துக்கொண்டு திடலைக் கடந்து வந்துகொண்டிருந்தார். வரும்போதே பேச்சு.

"கோலு. கோட்டத் தாண்டிருச்சி. அதுவும் தொங்கட்டால தட்டிட்டான். தட்டக் கூடாதுன்னு பேசுனமா இல்லியா? அன்னிக்கும் பித்தலாட்டம், இன்னிக்கும் பித்தலாட்டம். தோட்டத்து ஆளுங்களே இப்படித்தான்லா."

"என்ன சொல்றான்?" என்றார் முனியாண்டி ஐயா என்னிடம்.

"கோலுங்கிறாரு."

"சொல்லட்டும். நா நின்னேனா?"

"நின்னீங்க ஐயா."

"எல்லாரும் எந்திரிச்சாங்களாமே. பரமு சொல்றா. நா எந்திரிச்சேனா?"

"நீங்க மட்டும்தான் அப்படியே நின்னீங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். சரவணன் அண்ணே மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"மாமா, மேடைக்குப் போலாம். அறிமுகத்துல எப்படிச் சொல்லட்டும்? முனியாண்டின்னு மட்டும் சொல்லிரவா?"

"வாளின்னே சொல்லு. அப்பத்தான் கை தட்டுவானுங்க" என்றார் முனியாண்டி ஐயா. "ஆனா நின்னத முன்னாடி சொல்லிட்டு அப்புறம் வாளியச் சொல்லு."

சவரிமுத்து ஐயா வந்து சேர்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பிடிமானத்துக்காக முனியாண்டி ஐயாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். கருவி இல்லாத காதுப் பக்கம் நின்றுகொண்டு, லோரியில் வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பித்து, அந்த ஞாயிற்றுக்கிழமையை மொத்தமாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார்.

முனியாண்டி ஐயா அவரைப் பிடித்து மெல்லத் திருப்பி, கருவி இருக்கும் பக்கம் நிறுத்திக்கொண்டார். பிறகு காதை என் பக்கம் சாய்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டிவுடும்மா. இவன் ரொம்ப நேரம் பேசுவான்போல இருக்கு."